பயத்தங்காய்க் கொடியும் என் பொல்லாத கண்ணும்

எங்கள் பக்கத்துக்கு ஃபோன் கோட் 03. கோலாலம்பூரோ கிள்ளானோ, வீட்டு நம்பருக்கு முன்னால் சைபர் மூன்று, மலாயில் ‘கோசோங் தீகா’, அழுத்த வேண்டும். ஈப்போவுக்கு 05, பினாங்குக்கு 04. ஃபார்ம் டூவோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே இது தெரியும். அதனால் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் என் ஃபோன் ஆப், அன்றைய எண்ணுக்குக் கீழே 03 என்று காட்டியபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நம் ஏரியா நம்பரைப் போட்டிருக்கிறான், பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் அந்த இடத்தில் PM 2.5 என்று வரும். அதுவும் எனக்குப் புரிந்துதான் இருந்தது. மதியம் இரண்டரை மணி. விடியற்காலையிலேயே ஏன் இரண்டரை காட்டுகிறது என்று கொஞ்சம் யோசித்து, வெளிநாட்டுக் கடிகாரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆப் என் ஃபோனுக்குள் வந்தது புகைமூட்டத்தால். ஒரு வருடம் கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து, கிள்ளான் முழுக்கச் சாம்பிராணி போட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்போது எல்லாரும் ஆப்பை ஏற்றினார்கள். புகை போனதும் அழித்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை. காலையில் பல் துலக்கும் முன் ஒரு தடவை, ரயிலில் ஒரு தடவை, கடையில் மாவு ஊறும்போது ஒரு தடவை பார்ப்பேன். என் மனைவி சொல்வாள்: “கவலை இல்லாத நாள்ல, கவலையே இல்லையேன்னு ஒரு கவலை வந்துரும் உங்களுக்கு.” அதில் பொய் இல்லை.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலை ஷிஃப்டுக்கு, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுகிறவன். விடிவதற்கு முன் அடுப்பு முன்னால் நிற்பேன். மதியம் கூட்டம் சோற்றுக்கு மாறியதும் என் வேலை முடியும். ரயிலில் கிள்ளான், அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பண்டமாரானில் இருக்கும் வீடு. வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தும்போது வெயில் தலையைக் கடந்து கன்னத்தில் அறைகிற நேரமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர்க் குழாயோடு நிற்பார். துறைமுகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். என்னைவிட வயதில் மூத்தவர், வாயில் இன்னும் மூத்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பிவலை வேலி. அதன் மேல் அவர் பயத்தங்காய் படரவிட்டிருந்தார். கொடியை மகளைப் போல வளர்த்தார் என்று சொன்னால் குறைவு. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, விளக்கு வைக்கும் முன் ஒரு முறை தண்ணீர். எந்த மகளும் இவ்வளவு குளித்திருக்கமாட்டாள். அந்த விதையில் ஒரு பிடி எனக்கும் கொடுத்தார். நான் ஒரு பழைய சாயப் பக்கெட்டில் ஊன்றி வைத்தேன். ரொட்டி போட்டுவிட்டு வந்தவனுக்குப் படுக்கைதான் தெரியும், பக்கெட் தெரியாது. என் கொடி நூல் மாதிரி ஏறி, ஏதோ உயிரோடு இருந்தது.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்ததும் மழை நின்றுவிட்டது. வானம் துடைத்துவைத்த சில்வர் தட்டு மாதிரி ஆனது. காற்று அசையவில்லை. காயப்போட்ட துணி, போட்ட இடத்தில் போட்டபடி தொங்கியது. புகைமூட்டத்தைப் பார்த்துப் பயந்தவனுக்கு நீல வானம் ஒரு வரம். நீலத்தைப் பார்த்தால் என் மனசில் ஒரு முடிச்சு அவிழும். முடிச்சு அவிழ்ந்தால் வாயும் அவிழும். அதுதான் வினை.

மோட்டாரை நிறுத்திவிட்டு வேலிப் பக்கம் போனேன். கொடி கொழுகொழுவென்று இருந்தது.

“அக்கா, என்னா பச்சை லா. கண்ணு படற மாதிரி இருக்கு.”

சொல்லக்கூடாத அந்த ஒரு வார்த்தையை, சந்தோஷத்தில், முழுசாக, சத்தமாகச் சொன்னேன். அக்கா குழாயை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு ஊற்றினார்.

அடுத்தடுத்த நாட்களும் அதே வெயில், அதே நீலம். நானும் அதே வேலிப் பக்கம் போய் ஏதாவது பாராட்டிவிட்டுத்தான் படுக்கப் போனேன். ஒரு நாள் அக்கா குழாயோடு இல்லை. கையில் இலையோடு நின்றார்.

“தம்பி, இங்க வாங்க. இது என்னான்னு பாருங்க. இல்ல, வேணாம். பாக்காதீங்க. நானே சொல்றேன்.”

இலையின் மேல்பக்கம் முழுக்கப் பழுப்புப் பொடிப்புள்ளி. நரம்பை விட்டுவிட்டு, நரம்புக்கு இடையில் மட்டும், ரவை தூவின மாதிரி. திருப்பினால் அடிப்பக்கம் சுத்தம். பூச்சி இல்லை, முட்டை இல்லை, பூஞ்சை இல்லை. அக்கா மருந்துக் கடைக்குப் போய், ஒரு போத்தல் பூச்சிமருந்து வாங்கி அடித்தும் பார்த்துவிட்டார். புள்ளி கூடியதே தவிரக் குறையவில்லை.

“நீங்க என்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களோ, அன்னையிலேருந்துதான் தம்பி.”

“அக்கா, நான் சும்மா சொன்னது.”

“சும்மா சொன்னதுக்கே இப்படின்னா?”

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலை நீட்டி என் சாயப் பக்கெட்டைக் காட்டினார். அதே விதை, அதே வேலி, அதே வெயில். என் கொடி நோஞ்சானாக இருந்தாலும் இலையில் ஒரு புள்ளி இல்லை.

“உங்க கண்ணு உங்க கொடியை ஒண்ணும் பண்ணலை. அவங்கவங்க கண்ணு அவங்கவங்க வீட்டுக்குப் படாது. தெரியும்தானே?”

தெரியும். அதுதான் பிரச்சினை. வேறு யாராக இருந்தாலும் ‘போ அக்கா’ என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து நான் பாராட்டியவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மைத்துனரின் புது லோரி. கோயில் கமிட்டித் தலைவரின் முழங்கால். முன்பு வேலை செய்த கடை. எதுவுமே இன்று நல்ல நிலையில் இல்லை.

இது வெறும் பயத்தங்காய் விஷயமாக இருந்திருந்தால் வேலிக்கு முதுகைக் காட்டிவிட்டு வாழ்ந்திருப்பேன். ஆனால் அப்போது என் ஒரே மகள் நிறைமாதம். கல்யாணமாகி ரவாங்கில் இருந்தவள், தாய்வீட்டுப் பிரசவத்துக்காக எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்திருந்தாள். எனக்கு முதல் பேரப்பிள்ளை. பச்சைக் கொடியையே பொரித்தெடுத்த கண், பச்சைப் பிள்ளையை என்ன செய்யும்? அந்தக் கேள்வி என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவில்லை.

முதலில் நான் என் கண்ணைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். கடை முதலாளி ஓட்டிவருகிற காடியை வேண்டுமென்றே உற்றுப் பார்த்து, “அருமையான காடி” என்று மனசுக்குள் சொன்னேன். அன்று மாலையே அதற்கு முனிசிபல் சம்மன். அவர் மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தார் என்பது வேறு விஷயம். தினமும் அங்கேதான் நிறுத்துகிறார். அடுத்து, யாருக்கும் நஷ்டம் வராத ஒன்றில் பார்க்கலாம் என்று, ரயில் நிலையத்தில் இருந்த ஒரு பூந்தொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தேன், பாராட்டினேன். வாடவே இல்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நன்றியோடு அந்த இலையைத் தொட்டேன். பிளாஸ்டிக்.

அதற்குப் பிறகு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். கண்ணாடிக்கு உள்ளேயே பார்வை நின்றுவிடும் என்று ஒரு கணக்கு. மற்ற ஊரில் இது சரிப்படும். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையில்லாதவர்கள் நிறையப் பேர் தினமும் நடமாடுகிறார்கள். தெருவில் உள்ளவர்கள் உதவுவதற்குப் பழகியவர்கள். கறுப்புக் கண்ணாடியும் குனிந்த தலையுமாக நான் சாலை ஓரம் நின்றபோது, ஒரு பெண் என் முழங்கையை மென்மையாகப் பிடித்து, “வாங்க அங்கிள்” என்று எதிர்ப்பக்கம் கொண்டு விட்டுவிட்டாள். எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. அவ்வளவு நல்ல பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? அவள் போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பினேன். ஒரு சீனக் கிழவர் ஓடிவந்து மறு முழங்கையைப் பிடித்தார். நடுச்சாலையில் அவரிடம், “அங்கிள், பாருங்க, பஸ்” என்று நான் எச்சரித்தபோது அவர் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் உண்மையான கண்ணூறு. கண்ணாடியைப் பையில் போட்டேன்.

வீட்டுப் பக்கமோ நிலைமை முற்றிக்கொண்டு வந்தது. அக்கா என் மனைவியிடம் உப்பு மிளகாய் சுற்றிப்போடச் சொன்னார். அவளும் கொடிக்குச் சுற்றி, அடுப்பில் போட்டு, எல்லாரும் இருமினோம். அது போதாதென்று வேலியில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. பெரிய மீசை, பிதுங்கிய கண். எங்கள் வீட்டைப் பார்த்தபடி.

“உங்களை மாதிரியே இருக்குங்க” என்றாள் மனைவி.

“எனக்கு மீசை இவ்வளவு இல்லையே.”

“கண்ணைச் சொன்னேன்.”

அக்கா கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவார். பிள்ளை விஷயத்தை மட்டும் அவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை; என் மனைவியிடம்தான் தணிந்த குரலில் சொன்னார்: “பிள்ளை பொறந்ததும் தம்பியைக் கொஞ்ச நாள் பாக்காம இருக்கச் சொல்லு. நல்ல மனுஷன்தான். கண்ணு அவர் சொல்றதைக் கேக்கலைன்னா அவர் என்ன செய்வாரு?” அதைக் கேட்டு மனைவி கொதித்தாள். நான் கொதிக்கவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். அதைச் சொன்னபோது மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“அப்பா, என் பிள்ளையை நீங்க பாக்கலைன்னா நான் இப்பவே ரவாங்குக்குப் போறேன்.”

“கொஞ்ச நாள்தாம்மா. முடி எறக்கற வரைக்கும்.”

“பைத்தியமாப்பா உங்களுக்கு?”

அந்த வார இறுதியில் மருமகன் வந்தார். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், அமைதியான பிள்ளை. என்னிடம் என்ன பேசுவது என்று அவருக்கு எப்போதும் தெரியாது. அதனால் எனக்குப் பிடித்த விஷயமாகப் பார்த்து ஆரம்பித்தார்.

“இன்னிக்குக் காத்து எப்படி மாமா?”

“மோசம். கோசோங் தீகா, செகப்புல நிக்குது.”

“என்னது மாமா?”

“நம்ம ஏரியா. இதோ, 03-னு போட்டிருக்கான்.”

அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மாமா, இது சைபர் இல்ல. ஓ. ஓ த்ரீ. ஓசோன்.”

“அப்ப ஈப்போவுக்கு?”

“ஈப்போவுக்கும் ஓ த்ரீதான் மாமா.”

“அதான் நானும் பாத்தேன். ஈப்போவுக்கு 05 போடத் தெரியலையே இவனுக்குன்னு ரொம்ப நாளா வருத்தம்.” மெல்லக் கேட்டேன். “இந்த PM ரெண்டரை?”

“அது மணி இல்ல மாமா. தூசி.”

சமையலறையில் என் மகள் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. நிறைமாதக்காரி இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை.

ஓசோன் எனக்குத் தெரியாத பெயர் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்ட காலத்தில்தான், மேலே ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த ஓட்டைக்குப் பயந்து பல வருடம் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். இல்லை என்று பயந்தது இப்போது கூடிவிட்டது என்றால் எப்படி? ஒட்டுப் போட்டதில் மிச்சம் கீழே விழுந்துவிட்டதா?

மருமகன் பொறுமையாகச் சொன்னார். மேலே இருப்பது வேறு, அது குடை. கீழே இருப்பது நாமே சமைத்தது. காடி, லோரி, தொழிற்சாலை எல்லாம் காலையில் விடுகிற புகை மேல் வெயில் விழுந்து, மணிக்கணக்காக வெந்து, மதியத்துக்கு மேல் ஓசோன் ஆகிறது. நான் ரொட்டிக்காரன், எனக்கு அது உடனே பிடிபட்டது. காலையில் பிசைந்த மாவு, ஊறி, சூட்டில் பொங்குகிறது. வெயில் இல்லாவிட்டால் பொங்காது. மழை வந்தால் அடுப்பே அணைந்துவிடும். காற்று வீசினால் கலைந்துவிடும்.

“அப்ப பிரிக்ஃபீல்ட்ஸ்லதானே கூடுதலா இருக்கணும்? அங்கதானே ஜாம்.”

“அதான் இல்ல மாமா. புதுப்புகை ஓசோனைத் தின்னுடும். ரோட்டோரத்துல கம்மி. புகை தள்ளிப்போய் வெந்த எடத்துலதான் கூடும். காலையில காத்து எல்லாத்தையும் கடலுக்குத் தள்ளுது. மத்தியானம் கடல் காத்து வெந்ததைத் திருப்பிக் கொண்டாந்து கொடுக்குது.”

எங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்துக் கப்பல் ஊதுவது கேட்கும். கடல் காற்று நல்லது என்று ஜன்னலைத் திறந்து வைக்கிறவன் நான். எழுந்து போய்ச் சாத்தினேன்.

“இன்னொண்ணு மாமா. செடி மரமும் இதுக்கு ஒரு கை கொடுக்குது. டெங்கில் ஊர்ப் பக்கம் பூரா செம்பனைத் தோட்டம் இருக்கே, அது வெயில்ல ஒரு ஆவி விடும். புகையோட அதுவும் சேந்துதான் வேகுது.”

“மரமே கொடிக்குச் சூனியம் வெக்குதா?” என்றாள் என் மனைவி. “சொந்தக்காரன் புத்தி எங்கயும் ஒண்ணுதான்.”

பிறகு அவர் வேலிக்குப் போய் இலையைப் பார்த்தார். மேல்பக்கம் மட்டும், நரம்புக்கு நடுவில், முற்றின இலையில் முதலில். ஓசோன் கடித்தால் இப்படித்தான் இருக்கும் என்றார். பயத்தங்காய், அவரை மாதிரி வகைக்கு இது சீக்கிரம் படுமாம். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. தண்ணீர் நிறையக் கிடைத்த செடி அவற்றைத் திறந்து வைத்திருக்கும். நல்ல காற்றோடு கெட்டதும் உள்ளே போகும். தண்ணீர் இல்லாத செடி இருக்கிற ஈரத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்ளும்.

என் சாயப் பக்கெட்டைப் பார்த்தேன். அதை விட்டுவைத்தது என் கண் இல்லை. என் சோம்பேறித்தனம்தான் காப்பாற்றியிருக்கிறது. அதே மாதிரி, நான் கொடியைப் பாராட்டிய நாளெல்லாம் நீல வானத்து நாள். மேகம் போட்ட நாளில் நான் வேலிப் பக்கமே போகமாட்டேன். இடி விழுந்துவிடும் என்று உள்ளே இருப்பேன். நானும் ஓசோனும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அக்கா என்னை மட்டும் பார்த்திருக்கிறார்.

என் புத்தி இதை முழுசாக நம்பியது. வயிறு நம்பவில்லை.

மருமகன் அக்காவிடமும் சொல்லிப் பார்த்தார். அவர் குழாயை நிறுத்தாமலே கேட்டார்.

“அப்ப தண்ணி ஊத்தாதேங்கறீங்களா?”

“ஊத்தாதீங்கன்னு சொல்லல ஆன்டி. மத்தியானம் மட்டும் விட்டுட்டு…”

“செடிக்குத் தண்ணி ஊத்தாதேன்னு சொல்ற வாத்தியாரை இப்பத்தான் பாக்கறேன். பிள்ளைங்களுக்குப் பாடம் எப்படி நடத்துறீங்க? புஸ்தகத்தை மூடிக்கிட்டா?”

வாத்தியார் விடவில்லை. ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் நான் வேலிப் பக்கம் திரும்பக்கூடாது. புள்ளி வருகிறதா என்று பார்ப்போம். அந்த வாரம் நான் வாசலில் இறங்கியதிலிருந்து கதவு வரைக்கும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தேன். வெயில் அப்படியே கொளுத்தியது. புதிதாக முற்றிய இலையிலும் புள்ளி வந்துவிட்டது. மருமகன் வெற்றியோடு அக்காவைப் பார்த்தார்.

அக்கா அசரவில்லை. “பாக்கலை, சரி. நெனைச்சிருப்பாருல்ல?”

நினைத்தேன். ஒரு வாரமும் வேறு எதையும் நினைக்கவில்லை.

பிறகு வானம் மாறியது. மதியமானால் கருமேகம் திரண்டு, சாயங்காலம் இடியோடு மழை கொட்ட ஆரம்பித்தது. ஆப்பில் ஓ த்ரீ இறங்கியது. புதிதாக விட்ட இலைகள் புள்ளி இல்லாமல் வந்தன. மழையால் என்றார் மருமகன். பொம்மையால் என்றார் அக்கா. “ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, உப்பு மிளகாய் நான் சுத்துனது” என்றாள் என் மனைவி. எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. என்னைக் குற்றமற்றவன் என்று சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படி ஒரு மழை நாளில் மகளுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் மேலே வார்டில். நான் கீழே கேன்டீனில், சுவரைப் பார்த்தபடி, தேநீரோடு. மனைவி போட்டோ அனுப்பினாள். படத்தில் பார்த்தாலும் கண் கண்தானே? ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். “என்னா எடை? அழுதாளா? விரல் எல்லாம் சரியா இருக்கா?” என்று குரலில் மட்டும் கேட்டேன். “பத்தும் இருக்கு. மேல வந்து எண்ணிக்கோங்க” என்றாள் அவள். போகவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நான் சமையலறைக்குக் குடிபோய்விட்டேன். முன்னறையைக் கடக்க வேண்டியிருந்தால் பின்னோக்கி நடப்பேன். பிள்ளை அழுதால் என் கை தானாக முன்னறைப் பக்கம் நீளும். கண்ணைத் தரையில் வைத்துக்கொள்வேன். மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மருமகன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் படிப்பே வீண் என்பது மாதிரி பெருமூச்சு விட்டார்.

முதலில் பார்க்க வந்தவர் அக்காதான். கையில் பிள்ளைக்கு வளையல், மை டப்பா. பிள்ளையின் கன்னத்தில் காசளவு கறுப்புப் பொட்டு வைத்தார். முறைப்படி, “அய்ய, என்னா அசிங்கமா இருக்கு, யாரு எடுத்துக்குவா இதை” என்றார். சமையலறையில் நின்று நான் நிம்மதியாகத் தலையாட்டினேன். பிறகு பிள்ளையை மடியில் வாங்கியிருக்கிறார். அது அவர் விரலைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான், அக்காவின் குரல் உருகிவிட்டது.

“யம்மாடி, ராஜாத்தி லா இவ. தங்கச்சிலை மாதிரி இருக்காளே.”

சொன்ன வார்த்தை வீடு முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை மகள் அலறினாள். பிள்ளையின் நெஞ்சிலும் கன்னத்திலும் செம்புள்ளி, பொடிப்பொடியாக. என் மனைவி ஓடினாள், மருமகன் ஓடினார். பிறகு மூன்று பேரும், தங்களை அறியாமல், சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

“நான் பாக்கலை” என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. “சத்தியமா நான் பாக்கவே இல்லை.”

மருமகன் மெல்லக் கேட்டார். “நெனைச்சீங்களா மாமா?”

“தூக்கமே இல்லாம நெனைச்சேன். ஆனா மொகமே தெரியாத பிள்ளையை எப்படி நெனைக்கிறது? வெறும் துணி மூட்டையாத்தான் வந்துச்சு.”

பிரசவம் ஆன வீட்டுக்கு வருகிற கிளினிக் நர்ஸ் அன்று காலையே வந்தார். மலாய்க்காரப் பெண். பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “பியாசாலா” என்று சிரித்தார். சாதாரணம்தான், பிறந்த பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வரும், ஒன்றும் தடவ வேண்டாம், தானாகப் போய்விடும் என்றார். இதை மகள் கேட்டு எனக்குச் சொல்ல, நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எழுந்து போனது. மருமகன் இலையை வைத்து, மேகத்தை வைத்து, கடலை வைத்து விளக்கியும் இறங்காதது, நான் பார்க்காத ஒரு பிள்ளைக்குப் புள்ளி வந்ததில் இறங்கிவிட்டது.

முன்னறைக்குள் கால் வைக்கப் போனேன். அப்போது ஜன்னல் வழியே பக்கத்து வீடு தெரிந்தது. திரை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. மழை இல்லாத காலை. ஆனாலும் குழாயோடு ஆள் இல்லை.

“அக்காவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“நீ அலறுனது துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்” என்றாள் மனைவி மகளைப் பார்த்து.

நான் அங்கே போனேன். அக்கா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. அப்படி உட்காருவது எனக்குத் தெரியும். கேன்டீனில் நான் உட்கார்ந்த அதே மாதிரி.

“தம்பி, நான் வேணும்னு சொல்லல. வாய் தவறிப்போச்சு.”

“நர்ஸ் வந்தாங்க அக்கா. எல்லாப் பிள்ளைக்கும் வர்றதாம். தானா போயிடுமாம்.”

“அவங்க அப்படித்தான் சொல்வாங்க.”

“சரி, கண்ணுதான்னே வெச்சுக்குங்க. உங்க கண்ணு பட்டிருக்கு. என் கண்ணு இன்னும் படலை. என்னைத் தனியா விட்டா நான் இன்னைக்கும் சமையல்கட்டுல பாய் போட்டுருவேன். ரெண்டு பேரும் சேந்து பாத்துருவோம். வாங்க.”

“நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வருவேன்.”

“நானும்தான் அக்கா.”

அவர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். வேலி ஓரமாக வந்தோம். இரண்டு பேரும் கொடியைப் பார்க்கவில்லை. முன்னறை வாசலில் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நானும் மூடியிருந்தேன். “ரெண்டும் என்னா கோலம் இது” என்று மகள் சொல்வது கேட்டது. பிறகு என் கையில் சூடாக, ரொட்டி மாவு உருண்டையைவிட மிருதுவாக, ஏதோ வைக்கப்பட்டது. அது அசைந்தது.

நான் கண்ணைத் திறந்தேன்.

புள்ளியும் பொட்டுமாக ஒரு முகம். கொட்டாவி விட்டது. எங்களைப் பார்த்தது, பிடிக்காத மாதிரி நெற்றியைச் சுருக்கியது. பாராட்டாக எதுவும் வந்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து, என் தோள் வழியே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூக்கு உங்க மூக்கு தம்பி” என்றார் கடைசியில். “பாவம்.”